நூறா, நூற்றைம்பதா?

சாலோமியின் அம்மா செல்லக்கிளி டிராக்டர் ஓட்டுவார். பெரிய டிராக்டர் இல்லை. வாழைகளுக்கு நடுவே உரசாமல் புகுந்து வரும் குட்டி டிராக்டர். 1996-ஆம் ஆண்டில், ஆழ்வார்திருநகரி பக்கம் இருந்த அந்தச் சிற்றூரில் டிராக்டர் ஓட்டிய பெண் அவர் மட்டும்தான்.

அந்தச் சனிக்கிழமை நேசையா தாத்தாவின் வயலில் வண்டி மக்கர் செய்தது. வெறும் கலப்பை என்றால் தூக்கியது. ஈரமண் ஒட்டிக்கொண்டதும் "ம்ம்ம்" என்று முனகிவிட்டு அப்படியே நின்றது.

"தாயி, திங்கக்கிழம வாய்க்கால்ல தண்ணி விடுதான்" என்றார் நேசையா தாத்தா. "அதுக்குள்ள உழலன்னா என் நாத்தெல்லாம் வீணாப் போயிரும்."

"வியாழக்கிழமதான் அசன் மைதீன் அண்ணாச்சி சரி பண்ணிட்டுப் போனாங்க. வரச் சொல்லியிருக்கேன்" என்றார் அம்மா.

"அசனுக்கு இப்பல்லாம் கை ஓடல. திருநவேலியில இருந்து வேற ஆளக் கூட்டிட்டு வா."

பின்னால் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டது. மெக்கானிக் அசன் மைதீன் மாமாதான். அவர் காதில் எல்லாம் விழுந்துவிட்டது. குனிந்து பையைத் திறந்தார்.

கலப்பையைத் தூக்குவது எண்ணெயின் அழுத்தம். அது அளவுக்கு மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பி விடுவதற்கு ஒரு வால்வு உண்டு. குக்கரில் வெயிட் போடுவது போலத்தான். வால்வின் திருகை இறுக்கினால் அழுத்தம் கூடும். தளர்த்தினால் குறையும். இந்த வண்டிக்கு நூற்றைம்பது இருக்க வேண்டும்.

மாமா அழுத்தமானியை மாட்டினார். அம்மா எஞ்சினை ஓட்டி நெம்புகோலை இழுத்துப் பிடித்தார்.

மாமா தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "முள்ளு நேரா மேல நிக்கு. நூத்தம்பது. சரியாத்தான இருக்கு!"

சாலோமி எட்டிப் பார்த்தாள். முள் நேராகத்தான் நின்றது. ஆனால் அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது 100.

சொல்ல வாயைத் திறந்தாள். நேசையா தாத்தா கையைக் கட்டிக்கொண்டு முறைப்பதைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். இப்போது சொன்னால் மாமாவை என்ன பாடுபடுத்துவாரோ!

அப்போது நல்லவேளையாக ஓர் ஆடு வந்தது.

"தாத்தா! அங்கன பாருங்க. உங்க சோத்துப் பொட்டலத்த ஆடு மோந்துட்டு நிக்கு!"

"ஐயையோ!" தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

சாலோமி மாமாவின் காதருகே போய்க் கேட்டாள். "மாமா, இது புது மீட்டரா?"

"ஆமா. பழசு விழுந்து உடைஞ்சிட்டு."

"அதுல எதுவரைக்கும் நம்பர் இருந்திச்சு?"

"முந்நூறு வரைக்கும்."

"இதுல இருநூறுதான் மாமா. முள்ளு நேரா நின்னா நூறு."

மாமா மீட்டரின் கண்ணாடியை விரலால் துடைத்துப் பார்த்தார்.

"நம்பர் தெரிய மாட்டேங்கும்மா" என்றார் கடைசியில். "வியாழக்கிழமயும் முள்ளு நிக்கிற இடத்த வச்சே ஓட்டிட்டேன். கண்ணு தெரியலன்னு சொன்னா யாரு வேல தருவா?"

"நான் வாசிக்கேன் மாமா. நீங்க திருகுங்க."

மாமா பூட்டு நட்டைத் தளர்த்தித் திருகைக் கொஞ்சமாக இறுக்கினார்.

"நூத்திப் பத்து!" எஞ்சின் சத்தத்தை மீறிக் கத்தினாள் சாலோமி. "நூத்தி முப்பது! பைய மாமா, பைய... நூத்தம்பது! போதும்!"

"இன்னும் ஒரு சுத்து சுத்திட்டா நல்லாத் தூக்குமே?" என்றார் அம்மா.

"வேண்டாம் தங்கச்சி. பம்பு போயிரும்." மாமா நட்டை இறுக்கினார்.

தாத்தா மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது, அம்மா கலப்பையை மண்ணில் இறக்கிக் கொஞ்ச தூரம் உழுதார். நெம்புகோலை இழுத்தார். கட்டி கட்டியாக மண்ணைச் சுமந்துகொண்டு கலப்பை மேலே வந்தது.

"அசனு! உன் கை அப்படியேதான்வே இருக்கு!" என்றார் தாத்தா.

சாலோமி ஒன்றும் தெரியாதவள் போல வானத்தைப் பார்த்தாள். ஆனால் மாமா சிரித்துவிட்டார்.

"கை நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. கண்ணுதான் மக்கர். நம்பர வாசிச்சது இந்தப் பிள்ளதான்."

தாத்தா மாமாவையே பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"எனக்கு மட்டும் என்ன வாழுது? இப்ப நான் விரட்டிப் போனது ஆட்ட இல்லவே. பக்கத்து வயக்காரன் காயப் போட்டிருந்த வேட்டிய. ஆடு சோத்தத் தின்னுட்டுப் போயிட்டு."

அம்மா சிரித்த சிரிப்பில் எஞ்சினை அணைக்க வேண்டியதாயிற்று. தன் தூக்குச்சட்டியைத் திறந்து எல்லோருக்கும் சோறு பகிர்ந்தார்.

மாலைக்குள் வயல் முழுவதும் உழுதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாமா புது மீட்டர் வைத்துப் பார்த்த மற்ற இரண்டு டிராக்டர்களையும் சரிசெய்யப் போனார். எண்களை வாசிக்க சாலோமியும் போனாள். திங்கட்கிழமை வாய்க்காலில் தண்ணீர் வந்தது.

அடுத்த சனிக்கிழமை மாமாவும் தாத்தாவும் கண் பரிசோதனைக்குத் திருநெல்வேலிக்குக் கிளம்பினார்கள். எந்தப் பஸ் எங்கே போகிறது என்று வாசித்துச் சொல்ல சாலோமியையும் கூட்டிக்கொண்டார்கள். ஜன்னலோர இருக்கை அவளுக்குத்தான்.