இரண்டு குழி வைத்த கல்

நுரைக் கிண்ணத்தில் கற்பூர வாசம் அடித்தது.

றிம்சான் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய் இன்னொரு தரம் முகர்ந்து பார்த்தான். கடல்நீர் மீன்தொட்டியின் அழுக்கையெல்லாம் நுரையாக்கி மேலே தள்ளும் இயந்திரத்தின் கிண்ணம் அது; மூன்று நாளைக்கு ஒருமுறை அதில் சேரும் பச்சைக் குழம்பு வெயிலில் கிடந்த மீன்தலை மாதிரி நாறும், நாற வேண்டும், நாறினால்தான் தொட்டி சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கு அது தெளிந்த வெள்ளைத் தண்ணீராக இருந்தது. கற்பூரமும், அதற்கடியில் இலந்தை இலை கொதித்த மணமும். செத்தவரின் ஜனாஸாவைக் குளிப்பாட்டும் தண்ணீரின் வாசம். வாப்பாவைக் குளிப்பாட்டிய அன்று அவன் கைகளில் ஒட்டி, இரண்டு நாள் போகாமல் நின்ற வாசம்.

கிண்ணத்தைக் கழுவி வைத்தான். மனைவி ஹுஸ்னியாவிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவனுக்கு இப்போது நன்றாகக் கைவந்திருந்தது.

வீட்டு மண்டபத்தின் வடக்குச் சுவரோரம் நின்றது தொட்டி, நான்கடி நீளம், இரண்டடி அகலம். கல்முனையில் உயிருள்ள முருகை, கடல் பவளம், வளர்க்கும் வீடு வேறில்லை என்று அவனுக்கு ஒரு பெருமை இருந்தது. பதினொரு நாளாக அந்தப் பெருமை வெளுத்துக்கொண்டிருந்தது. முதலில் நடுக்கல்லில் ஒட்டியிருந்த இரண்டு துண்டுகள், அவற்றைச் சுற்றியிருந்தவை, பிறகு ஓரத்தில் இருந்தவை. ஒவ்வொரு காலையும் தசை உரிந்து, எலும்பு மட்டும் வெள்ளையாக நின்றது. மீன்கள் நடுக்கல்லின் பக்கம் போவதை விட்டு மூலையில் ஒன்றையொன்று ஒட்டி நின்றன.

அவன் மருந்து விற்கும் பாமசி வைத்திருப்பவன், அளந்து பார்க்கத் தெரிந்தவன். உப்பு சரி. சூடு சரி. கல்சியம், நைத்திரேற்று, பொசுபேற்று எல்லாம் சரி. சோதனைக் குழாய்களில் எந்த நிறம் வர வேண்டுமோ அந்த நிறம் வந்தது. கொழும்பில் முருகை வளர்த்து, துண்டு உடைத்து அவனுக்கு அனுப்புகிற முஸ்தாக்குக்குப் போன் எடுத்தான்.

"எல்லாம் சரியா இருந்து சாகுதெண்டா, உள்ளுக்கு என்னவோ போயிருக்கு. கடைசியா என்ன புதுசா போட்டீங்க?" என்றார் முஸ்தாக்.

"ஒண்டும் இல்ல."

"தண்ணி?"

"எப்பயும் போல கடல்ல அள்ளினதுதான்."

"எவடத்த?"

"துறையடியில" என்றான். அது பொய். மையவாடிக்கு, ஊர் இடுகாட்டுக்கு, நேர் கிழக்கே, தண்ணீர் தெளிந்து கிடக்கும் இடத்தில் அள்ளியது.

"நீங்க அனுப்பின படத்துல நடுவுல இருக்கிற கல்லு புதுசு போல கிடக்கே?"

"பழசு" என்றான் றிம்சான். அடுத்த முறை படம் அனுப்பியபோது அந்தக் கல் விழாதபடி எடுத்து அனுப்பினான். வைத்தியரிடம் போய் நோவை மறைக்கிற ஆளைப் பற்றி அவனே கடையில் எத்தனை தரம் சிரித்திருக்கிறான்.

கல்லின் கதை இதுதான். போன மாரியில் கடல் மையவாடியின் கிழக்கு மதிலைத் தின்றுவிட்டது. ஓரத்துக் கபுறுகளைத் தோண்டி, எலும்புகளைப் புதுத் துணியில் கட்டி, ஊருக்குள்ளே வேறு காணியில் அடக்க வேண்டும் என்று பள்ளிவாசல் முடிவெடுத்தது. பழைய கபுறுகள், பெயர் கிடையாது. தலைமாட்டில் நட்ட மீசான் கல்தான் அடையாளம். கல்லுக்கு இலக்கம் போடும் வேலை றிம்சானுக்கு வந்தது, எழுத்து அழகு என்பதற்காக. சாயந்தரம் தனியே பெயின்ற் டப்பாவோடு நின்றவன், ஒரு சின்னக் கல் சாய்ந்து கிடப்பதைக் கண்டான். முருகைக் கல். உடம்பெல்லாம் கண்கண்ணாகத் துவாரம், தலையில் விரலால் அமுக்கினாற்போல இரண்டு குழி. அப்படியொரு கல்லுக்காக அவன் ஒரு வருடமாக அலைந்தான். சின்னக் கல் என்றால் சின்னப் பிள்ளை என்று அவனுக்குத் தெரியும். கேட்க ஆளில்லாத கல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் வைத்தான்.

கேட்க ஆள் இருந்தது. அன்றைக்கே, மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முன், சல்மா உம்மா வந்தார். சாயந்தரத்தில் வீடுவீடாக இடியப்பம் கொண்டுபோய்க் கொடுக்கிற மனுசி; புருசன் மவுத்தாகி நெடுநாள்.

"மகன், என்ட புள்ளட கல்லுக்கு நம்பர் போட்டீங்களா? தலையில ரெண்டு குழி. அவர்தான் கொத்தி வச்சவர். நான் கண்ணால கண்டதில்ல, பொம்புளயள் உள்ளுக்கு போறல்லத்தானே. ஏழு நாளாகி பேர் வைக்க முந்தி போன புள்ள மகன். ஒண்டே ஒண்டு."

கல் அப்போது பின்வளவில் சாக்குக்குள் கிடந்தது. விடிந்துதான் தோண்டப் போகிறார்கள். ஒரு இரவு முழுவதும் அவன் கையில் இருந்தது. ஆனால் கல்லைத் திருப்பி நட்டால், எடுத்தவன் யார் என்று தெரிந்துவிடும் போல ஒரு வெட்கம்.

"கடல் கொண்டு போயிருக்கும் உம்மா" என்றான்.

கல் நின்ற இடங்களைத்தான் தோண்டினார்கள். நாற்பது கபுறு. கல் இல்லாத இடத்தை யாரும் தோண்டவில்லை. அடுத்த கிழமை அந்தத் துண்டு நிலத்தைக் கடல் எடுத்துக்கொண்டது.

இதை அவன் யாரிடம் சொல்வான்? திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல வாயை மூடிக்கொண்டு, குழி இரண்டிலும் முஸ்தாக்கின் துண்டுகளை ஒட்டினான். ஒட்டுவதற்கென்றே கொத்தியதுபோல அவை பொருந்தின.

அதைவிடக் கேடு, சல்மா உம்மா தினமும் வந்தார். இடியப்பத்தை ஹுஸ்னியாவிடம் கொடுத்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் நிலத்தில் உட்காருவார். "இதுக்கு முன்னால இருந்தாத்தான் நெஞ்சு ஆறுது மகன், ஏனெண்டு தெரியல்ல" என்பார். அவர் உட்கார்ந்திருக்கும் அந்தப் பத்து நிமிடம், சாகாமல் மிஞ்சிய முருகைகள் எல்லாம் சின்னச் சின்ன வாய்களைத் திறந்து, நீரோட்டத்துக்கு எதிராக அவர் பக்கம் சாயும். அவர் எழும்பிப் போனதும் மூடும். றிம்சான் அறைக்குள் நின்று, கதவு இடுக்கால் பார்ப்பான். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாத வெட்கம் அவனைத் தின்றது. அந்த மனுசி அவித்த இடியப்பத்தை அவனால் விழுங்க முடியவில்லை.

பிறகு மணல். தொட்டிக்கு அடியில் மூன்று விரல் உயரத்துக்குத்தான் மணல் போட்டிருந்தான். நடுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒருநாள் அது சிறு மேடாகக் குவிந்திருந்தது. இறாலின் வேலை என்று நிரவினான். மறுநாளும் குவிந்தது. நிரவினான். மறுநாளும். ஒரு மஃரிபு, மண்டபத்தில் முசல்லா விரித்து, மேற்கே கிப்லாவைப் பார்த்து நின்றபோதுதான் அது எப்படிக் கிடக்கிறது என்று அவனுக்கு உறைத்தது. தொட்டியின் நீளப்பாட்டுக்கு அல்ல, குறுக்கே. வடக்கே தலை, தெற்கே கால். கல் வடக்கே, தலைமாட்டில். ஒன்றரை அடி நீளம்.

தொழுகையில் எத்தனையாம் றக்அத் என்பது மறந்துபோயிற்று.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஹுஸ்னியா சாய்ந்தமருதுக்குத் தாய்வீடு போயிருந்தாள். அசர் தொழுதுவிட்டு வந்ததும் றிம்சான் பம்புகளை நிறுத்தினான். கல்லை எடுத்து, துவாயில் சுற்றி, இருட்டுமுன் புது மையவாடியின் மூலையில் நட்டுவிட வேண்டும். யாருக்கும் தெரியத் தேவையில்லை. அப்போதும் அவனுக்கு அதுதான் பெரிதாக இருந்தது, யாருக்கும் தெரியக் கூடாது என்பது.

பம்புகள் நின்றதும் வீடு சட்டென்று அமைதியானது. இத்தனை மாதமும் ஓடிய இரைச்சல் போனபின், வேறொன்று கேட்டது. மிக மெல்லியது. மூக்கடைத்த சிசு தூக்கத்தில் மூச்சு விடுவது போல, இழுத்து, நின்று, இழுத்து. காற்றுக் குழாயாக இருக்கும் என்று பார்த்தான். குழாய் காய்ந்து கிடந்தது.

சட்டைக் கையைச் சுருட்டிக் கல்லைப் பிடித்தான். இலேசாக வந்தது. குழிகளில் ஒட்டிய துண்டுகள் தாமாகவே கழன்று விழுந்தன. கல்லை நிலத்தில், துவாயின் மேல் வைத்தான். கற்பூர வாசம் மண்டபம் முழுக்க நிறைந்தது.

மணல்மேடு அப்படியே இருந்தது.

அதையும் நிரவிவிட்டால் முடிந்தது. கையை விட்டான். மணல் இளஞ்சூடாக இருந்தது. மூன்று விரல் ஆழம். பிறகு கண்ணாடி தட்டுப்பட வேண்டும்.

தட்டவில்லை.

மணிக்கட்டு போனது. முழங்கை போனது. வெளியே குனிந்து பார்த்தான். தொட்டியின் அடி, மேசை, மேசைக்கடியில் காலியான தரை. எல்லாம் அப்படியே. அவன் கை மட்டும் தோள்வரை உள்ளே. எங்கேயோ.

இழுத்தான். ஏதோ சுட்டுவிரலைப் பிடித்தது.

சின்னப் பிடி. ஐந்து விரல். பிறந்த பிள்ளை பிடிக்கிற மாதிரி, முழுப் பலத்தோடு, விடத் தெரியாமல்.

அவன் கத்தவில்லை. கத்தினால் அக்கம்பக்கம் வரும்.

வாசல் படலை திறந்தது. செருப்பைக் கழற்றும் சத்தம்.

"மகன், இடியப்பம்."

சல்மா உம்மா வாசலில் நின்றார். தொட்டிக்குள் தோள்வரை கை விட்டு நிற்பவனைப் பார்த்தார். நிலத்தில் சிந்திய தண்ணீரைப் பார்த்தார். துவாயின் மேல் கிடந்த கல்லைப் பார்த்தார். இடியப்பப் பெட்டியை மெதுவாக இறக்கி வைத்துவிட்டுக் கல்லருகே குந்தினார். இரண்டு விரலை இரண்டு குழியிலும் வைத்துப் பார்த்தார். நிறைய நேரம் எடுத்தார்.

ஏசுவார் என்று நினைத்தான். ஏசியிருந்தால் நல்லது.

"கடல் கொண்டு போகல்ல" என்றார், கல்லைத் தடவிக்கொண்டே.

"உம்மா..."

"கல்லு இஞ்ச இருக்கு. அப்ப புள்ள எங்க மகன்?"

அவன் கையை இழுத்தான்; வரவில்லை. முகம் எரிந்தது. அவர் நிமிர்ந்து, கோபமில்லாத கண்களால், பதிலுக்காக அவனைப் பார்த்தபடி இருந்தார்.

"புள்ள எங்க?"

அந்தக் குரலைக் கேட்டதும், மணலுக்கடியில், பிடி விரலை விட்டது.

பிறகு மணிக்கட்டைப் பிடித்தது. பிறகு முழங்கையை. ஒரு கை, மறு கை, ஒரு கை, மறு கை. குரல் வந்த பக்கமாக அது அவன் கைவழியே ஏறி வந்துகொண்டிருந்தது.