பெட்டியில் விழாத வாக்கு

காலை 7.10. கொடைக்கானலில் தனியே வசித்துவந்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை தமயந்தி மேசை இழுப்பறையைத் திறந்தார். உறையைக் காணவில்லை.

அதனுள் இருந்தது ஒற்றைத் தாள். விக்டோரியா என்னும் ஆஸ்திரேலியக் குடியேற்றம் தன் முதல் நாடாளுமன்றத்துக்கு 1856இல் நடத்திய தேர்தலின் வாக்குச்சீட்டு. நான்கு பெயர்களுள் மூன்று மையினால் அடிக்கப்பட்டிருந்தன. பெட்டியில் இடாமல் எவரோ கொணர்ந்த அச்சீட்டு, பாதிரியார் ஒருவரின் பழைய நூலட்டைக்குள் சென்ற வாரம் அகப்பட்டது. தமயந்தி அதனை எவருக்கும் காட்டாமல் உறையிலிட்டு ஒட்டியிருந்தார். திங்கட்கிழமை மெல்போர்ன் சென்று நூலகமொன்றில் ஒப்படைக்க வேண்டும். மகள் சுசித்ராவும் அங்கேதான் இருந்தாள்.

8.30. உதவி ஆய்வாளர் ஜெயமுருகன் வந்தார்.

"சாவி யாருகிட்டங்க மேடம்?"

"தோட்டக்காரர் சின்னச்சாமிகிட்ட. நேத்து நாலு மணிக்கு நான் வெளிய போனப்ப அவர்தான் இருந்தார்."

"நாச்சிமுத்து சாரும் வந்து வராந்தாவுல உக்காந்திருந்தாருங்க," என்றார் சின்னச்சாமி. "நான் கதவைத் தொறந்து போட்டுட்டுப் பின்னால பீன்ஸுக்குத் தண்ணி பாய்ச்சிக்கிட்டுக் கெடந்தேன். எனக்கு எதுக்குங்க அந்தச் சோலி?"

"ஸ்டேஷன்ல வந்து சொல்லு. வெரசா ஏறு," என்றார் ஜெயமுருகன்.

சின்னச்சாமி ஜீப்பில் ஏறினார்.

9.05. அடுத்த வீட்டு நாச்சிமுத்து வந்தார். மனைவியை இழந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மாலைதோறும் அவர் வந்து கேரம் ஆடும் ஒரு மணி நேரமே தமயந்தி மனிதக் குரல் கேட்கும் நேரம்.

"விடுங்க டீச்சர். ஒரு செல்லாத ஓட்டுக்கு இவ்வளவு அலட்டலா? பயணத்தை ரத்து பண்ணிட்டு நிம்மதியா இருங்க."

ஜீப் உறுமியது. பேசினால் மாலைகள் போய்விடும். பேசாவிடில் குற்றமற்ற ஒருவர் போய்விடுவார். தமயந்தி கையை உயர்த்தினார்.

"வண்டியை நிறுத்துங்க. சார், அது செல்லாத ஓட்டுன்னு யார் சொன்னாங்க?"

"நீங்கதானே..."

"பழைய ஓட்டுச்சீட்டுன்னு மட்டுந்தான் சொன்னேன். உறையைப் பிரிச்சுப் பாத்திருக்கீங்க. முப்பது வருஷம் பஞ்சாயத்து ஓட்டு எண்ணினவர் நீங்க. முத்திரை இல்லாம பேரை அடிச்சிருந்தா ஒதுக்கி வச்சே பழக்கம். அந்தக் காலத்து விக்டோரியாவில வேண்டாதவங்க பேரைத்தான் அடிக்கணும். பெட்டியில விழுந்திருந்தா அது செல்லுற ஓட்டு சார்."

நாச்சிமுத்து ஸ்வெட்டருக்குள்ளிருந்து உறையை எடுத்து நீட்டினார்.

"விக்கிறதுக்கு எடுக்கலைங்க. மக வீட்டுக்குப் போனா நீங்க திரும்ப மாட்டீங்க."

"இருபத்தெட்டாம் தேதி திரும்புறதுக்கும் டிக்கெட் எடுத்திருந்தேன்."

"அதை மாத்திராதீங்க டீச்சர்."

தமயந்தி உறையை வாங்கிக்கொண்டார். ஜீப்பை அணுகிக் கையை நீட்டினார்.

"இறங்குங்க சின்னச்சாமி. தப்பு என்னோடது."

சின்னச்சாமி அந்தக் கையைப் பற்றவில்லை. "வேற ஆளு பாத்துக்கங்கம்மா," என்று தாமே இறங்கி, தம் ஊரான வெள்ளகவிக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையை நோக்கி நடந்தார்.