பதினோரு ‘இல்லை’

நர்ஸ் உட்காரக்கூட இல்லை. “சார், நாளைக்குக் காலையில என் வேலை போயிடும். அதோட விட்டாக்கூடப் பரவாயில்ல. நர்சிங் கவுன்சிலுக்கும் எழுதப் போறாராம் டாக்டர். அப்புறம் எங்கேயும் நான் ஊசியைத் தொட முடியாது.”

ஆய்வாளர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். காப்பீட்டு நிறுவனத்தில் முப்பது வருஷம் பொய்யையும் மெய்யையும் பிரித்துப் பார்த்து ஓய்வுபெற்றவர். அவசரம் என்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. அவருடைய மச்சானுக்கோ அது இரண்டு ஆளுக்குப் போதுமான அளவு இருந்தது. வழக்கு என்று காதில் விழுந்ததும் ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்திருந்தான்.

“வயசான தச்சர் ஒருத்தர் சார். செவ்வாய்க்கிழமை ஒன்பதேகாலுக்கு எங்க கிளினிக்குக்கு வந்தார். பென்சிலின் ஒத்துக்காதுன்னு சொன்னார், நான் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். வியாழக்கிழமை எனக்கு லீவு. டாக்டர் திரையைப் பார்த்துட்டு அவரே பென்சிலின் ஊசி போட்டிருக்கார். தச்சர் பிழைச்சது மறுபிறவி. இப்போ திரையில ‘ஒவ்வாமை: இல்லை’ன்னு இருக்கு. பக்கத்துல என் பேரு. செவ்வாய்க்கிழமை, பத்து நாற்பது.”

“அப்போ நீங்க எங்கே இருந்தீங்க?”

“கட்டுப் போடுற ரூம்ல. பத்தரையிலேருந்து பதினொண்ணு வரைக்கும் வெளியவே வரல.”

“தெரிஞ்சுபோச்சு அத்தான்! யாரோ வேணும்னே இவங்க பாஸ்வேர்டைத் திருடியிருக்காங்க!” என்றான் மச்சான்.

“ஆளைப் பிடிக்கிறது இருக்கட்டும். முதல்ல இடத்தைப் பார்ப்போம்.”

கிளினிக்கில் பார்த்தபோது டாக்டர் கெட்டவராகத் தெரியவில்லை. இரண்டு நாளாகத் தூங்காத முகம். “தாராளமா பாருங்க. பேப்பர் காலத்துல என் கையெழுத்தை நானே படிக்க முடியாது. இப்போ பத்து வருஷ வைத்தியம் ஒரு நொடியில கண் முன்னாடி வருது. இதனால எத்தனையோ பேர் பிழைச்சிருக்காங்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது சார்.”

கட்டுப் போடும் அறையில் இன்னும் நோட்டுப் புத்தகம்தான். செவ்வாய்க்கிழமை பத்தரை முதல் பதினொன்று வரை மூன்று பேருக்குக் கட்டு மாற்றியது நர்ஸின் கையெழுத்திலேயே இருந்தது. டாக்டரின் மேஜைக் கம்ப்யூட்டரில் பழுதுபார்க்கும் கடைச் சீட்டு ஒட்டியிருந்தது: திங்கள் மாலை வாங்கியது, புதன் காலை திருப்பியது.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண் கேட்காமலேயே பேசினாள். “காலையில சிஸ்டர்தான் முதல்ல வருவாங்க. அவங்க பேர்ல திறந்தா நாள் பூரா அப்படியே ஓடும். மூடித் திறக்க நாலு நிமிஷமாகுது, வெளிய கூட்டம் சும்மா இருக்குமா? அதுவும் மருந்துச் சீட்டு அடிக்கணும்னா ஒவ்வொரு தடவையும் கேள்விக் கட்டமெல்லாம் நிரப்பணும். கீழே ‘அனைத்தும் இல்லை’ன்னு ஒரு பொத்தான் இருக்கு, அதனால பிழைச்சோம்.”

“செவ்வாய்க்கிழமை இந்த நாற்காலியில நீங்களா?”

“பொண்ணு ஸ்கூல்ல மீட்டிங். வரும்போதே பதினொண்ணு தாண்டிடுச்சு.”

அன்றைய பட்டியலில் அந்த அரைமணி நேரத்தில் பதினோரு பேர். வாசித்துக்கொண்டே வந்த மச்சான் சிரித்துவிட்டான். “அத்தான், இதைக் கேளுங்க. ‘அறுவை சிகிச்சை: இல்லை.’ அடுத்த வரியில ‘செயற்கைக் கால் உராய்ந்து புண்’! சொந்தக் கால் தானா கழண்டு போச்சா?”

ஆய்வாளர் சிரிக்கவில்லை. எல்லோரையும் டாக்டரின் அறைக்கு அழைத்தார்.

“பதினோரு பேருக்கும் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’. தச்சரைக் கெடுக்க நினைச்சவன் கால் இல்லாதவருக்கும் சேர்த்து ஏன் பொத்தானை அழுத்தணும்? இது விரோதம் இல்ல, அவசரம். பொத்தானை அழுத்தினது மருந்துச் சீட்டுக்குப் போக. இங்கே மருந்து எழுதுறவர் எத்தனை பேர்?”

“நான் ஒருத்தன்தான்,” என்ற டாக்டர் அப்படியே நின்றார். “என் கம்ப்யூட்டர் ரிப்பேர்ல இருந்தது. முன்னாடி உட்கார்ந்துதான் பார்த்தேன். யார் பேர்ல ஓடுதுன்னு... நான் பார்க்கவே இல்ல.”

ஆய்வாளர் தச்சரின் பக்கத்தைத் திறந்து, மூலையில் இருந்த கடிகாரப் படத்தை அழுத்தினார். பழைய பதிவு வந்தது: செவ்வாய், ஒன்பது பதினேழு, ஒவ்வாமை: பென்சிலின்.

“பேப்பர்னா கிழிச்சுப் போட்டிருந்தா போச்சு. இது எதையும் மறக்கல, நாமதான் கேட்கல. ஆனா பேப்பர்ல ஒருத்தர் கையெழுத்துல இன்னொருத்தர் தெரியாம எழுதியிருக்க முடியாது டாக்டர். தெரியாத கேள்விக்குப் பதில் சொல்லுன்னு அது யாரையும் நெருக்கினதும் இல்ல.”

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். “என் தப்பை உங்க தலையில கட்டிட்டேன் சிஸ்டர். மன்னிச்சிடுங்க. தச்சர் வீட்டுக்கு நானே போய்ச் சொல்றேன்.”

மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை நர்ஸுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. வெற்றிக் களிப்பில் மச்சான் அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கினான். திடீரென்று அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “சார், மத்த பத்து பேரு? தச்சரை நான் முன்னாடியே கேட்டேன். அவங்களை யாருமே கேட்கலையே!”

வரவேற்புப் பெண் பட்டியலை எடுத்தாள், நர்ஸ் தொலைபேசியை எடுத்தாள். ஆறு பேருக்கு ஒவ்வாமை ஒன்றும் இல்லை. ஏழாவதாக ஒரு பெண்மணி பேசினார். “எனக்கு சல்பா மாத்திரை ஆகாதேம்மா. ஒரு தடவை உடம்பெல்லாம் கொப்புளமாப் போச்சு. ஏன் கேக்குறீங்க?”

டாக்டரின் முகம் வெளுத்தது. அன்று காலையில்தான் அந்தப் பெண்மணிக்கு அதையே எழுதிக் கொடுத்திருந்தார். தொலைபேசியை வாங்கினார்.

“காலையில கொடுத்த மாத்திரையைப் போட்டுட்டீங்களாம்மா?”

“இல்ல டாக்டர், இப்பத்தான் சாப்பிட்டு எழுந்தேன். கையில வச்சிருக்கேன்.”

“கீழே வச்சிடுங்க. போடாதீங்க. தப்பு என்னோடது.”

நர்ஸ் தொலைபேசியை மெதுவாகத் திரும்ப வாங்கி, எட்டாவது எண்ணைப் போட்டாள்.