பதின்மூன்றாவது கூடை

கிளம்பும்போது பன்னிரண்டு பனிக் கூடைகள். இரண்டாவது வளைவில் நிசார் எண்ணினால் பதின்மூன்று.

தப்பாக எண்ணியிருப்போம் என்று குறிப்பேட்டில் அடித்துத் திருத்தினான். ஏற்கெனவே எரிச்சலில் இருந்தான். பனிப்பாறை உருகி ஓடை வற்றிய மலையூர்களில் மக்கள் என்ன செய்கிறார்கள் என்பது அவன் ஆராய்ச்சி. மூன்று வருடமாகக் காரகோரம் மலையடியில் இருக்கும் ஸ்கர்து நகரிலிருந்து ஏறி இறங்குகிறான். ஆண் பனி, பெண் பனி என்று ஊரார் பிரித்துச் சொல்லும் பனிக்கட்டிகளை உச்சிக் குகையில் சேர்த்துப் புதைத்தால் புதுப் பனிப்பாறை வளரும் என்று சுமக்கிறார்களே, சுமக்கும்போது என்ன நினைப்பார்கள்? அந்தப் பதில் இல்லாமல் ஆய்வேட்டைக் கொண்டுவராதே என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். இவர்களோ வாயில் கொழுக்கட்டை வைத்தவர்கள் போல நடக்கிறார்கள்.

காலையில் உப்பு டீயை உறிஞ்சியபடி, சுமப்பவர்களில் மூத்தவரான மெஹ்தி சொல்லியிருந்தார்: "வழியில பேசினா பனி செத்துரும் தம்பி. கூடையத் தரையில வைக்கவும் கூடாது. எங்கப்பா காலத்துல ஒருத்தன் வாயத் திறந்தான். அவன் கூடை இன்னும் இறங்கல."

"நான் சுமக்கலியே அண்ணே. நான் பேசலாம்ல?"

"மூணு வருஷமா அதத்தானே பண்ற. இன்னிக்காவது சும்மா வா."

எல்லோரும் சிரித்தார்கள்.

மதியம் மேகம் இறங்கியது. நனைந்த கம்பளி வாடை, தோளில் கயிறு முனகும் சத்தம், கூடைகளிலிருந்து பாதையெங்கும் சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர். கடைசி ஆளின் கூடை மட்டும் சொட்டவில்லை.

நிசாருக்குப் பொறுமை போய்விட்டது. அந்தக் கடைசி ஆளின் அருகில் போய்க் கிசுகிசுத்தான்: "அண்ணே, ஒரே வார்த்தை. சுமக்கும்போது என்ன நினைப்பீங்க?"

அந்த ஆள் நின்றான்.

"எப்ப இறக்கி வைப்போம்னு."

மூன்று வருடமாகத் தேடிய பதில். நிசார் சந்தோஷத்தில் அவசரமாக எழுதினான். எழுதும்போதுதான் உறைத்தது. இந்தக் குளிரில் பேசியும் அந்த ஆளின் வாயிலிருந்து ஆவி வரவில்லை.

நிமிர்ந்தான். அந்த ஆள் இல்லை. நிசாரின் தோளில் கயிறு. முதுகில் பனிக் கூடை.

குகையில் பன்னிரண்டு பேரும் கூடைகளை இறக்கினார்கள். பனியைக் கரியும் உமியும் போட்டு மூடினார்கள். இனிமேல் பேசலாம்.

"அந்த வாயாடி எங்கப்பா?" என்றார் மெஹ்தி.

"அலுத்துப்போய்த் திரும்பிருப்பான்."

"இங்கதான் இருக்கேன் அண்ணே." கை நீட்டினால் தொடும் தூரம். நிசார் கத்தினான். வாயிலிருந்து ஆவி வரவில்லை. கயிற்றை இழுத்தான். தோளோடு வந்தது. மண்டியிட்டான். கூடை தரையைத் தொடவில்லை.

அவர்கள் இறங்கினார்கள். அவனும் இறங்கினான்.

இரண்டாவது வளைவில் மெஹ்தி திரும்பி ஆட்களை எண்ணினார். பன்னிரண்டுக்குப் பிறகும் அவர் விரல் ஒரு முறை நகர்ந்து, நேராக நிசாரைக் காட்டி நின்றது.

விரலை மடக்கிக்கொண்டார். வேகமாக நடந்தார்.