அழிக்காமல் விட்ட குரல்

என் அக்கா மகள் அந்தப் பழைய நாடக அரங்கத்துக்குள் நுழைந்தபோது மதியம் இரண்டு மணி. தோளில் பை, கையில் வெந்நீர் பிளாஸ்க். உள்ளே ஈரத் திரைச்சீலையும் முகப்பவுடரும் கலந்த வாடை. “மாமா, இனிமே இந்த மேடை என்னோடது!” என்று குதித்தாள். இருபத்திரண்டு வயது. பாடி நடிக்கும் கதாநாயகியாக முதல் வாய்ப்பு. சின்ன வயதிலிருந்து அவளுக்கு அதைத் தவிர வேறு ஆசையே கிடையாது.

நான் அங்கே ஒலிக்கருவிகளைப் பார்த்துக்கொள்பவன். அவளுக்கு முன் அந்த வேடத்தில் பாடியவள் தொண்டையில் கட்டி வந்து செத்துப்போனாள். சாவதற்கு முன் கடைசியாகப் பார்க்கப் போனபோது என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். குரல் வரவில்லை, பேச்சு வெறும் காற்றாகத்தான் வந்தது.

“ஒத்திகையில பதிவு பண்ணுன என் பாட்டயெல்லாம் அழிச்சிடுங்க. இன்னொருத்தி வாய்க்கு அதப் போட்டுடாதீங்க.”

சரி என்றேன். அழிக்கவில்லை. அப்படியொரு குரலை அழிக்க எந்த மடையனுக்கு மனசு வரும்?

முதல் காட்சியன்று என் அக்கா மகளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. “இன்னிக்கு சொதப்புனா என்னத் தூக்கிடுவாங்க மாமா. ஏதாவது பண்ணுங்க” என்று அழுதாள். எங்கள் தொழிலில் இது சகஜம்தான். பதிவை ஓடவிட்டால் நடிகை வாயை அசைப்பாள், பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு நாள்தானே என்று ஓடவிட்டேன். பாழாய்ப்போன இந்தக் கைதான் அதைச் செய்தது.

கைதட்டல் அடங்கவே நெடுநேரம் ஆயிற்று. எனக்குத்தான் மனசு உறுத்தியது. அன்று இரவே அந்தப் பதிவை அழித்துவிட்டேன்.

மறுநாள் அவளுக்குத் தொண்டை சரியாகிவிட்டது. மேடையில் வாயைத் திறந்தாள்.

என் ஹெட்போனில் செத்தவளின் குரல்.

கணினியில் எதுவும் ஓடவில்லை. மைக்கை அணைத்தேன்.

பாட்டு நிற்கவில்லை.

இடைவேளையில் ஒப்பனை அறைக்கு ஓடினேன். கண்ணாடி முன்னால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நான் பாடல மாமா,” என்று கிசுகிசுத்தாள். “வாயத் திறந்தா அதுவா வருது. என் குரல் எங்க மாமா?”

“வேண்டாம் கண்ணு. வா, வீட்டுக்குப் போயிடலாம்.”

“பாதியில விட்டுட்டுப் போனா அப்புறம் எவன் கூப்பிடுவான்?”

போய்ப் பாடினாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். திரை விழுந்ததும் என்னிடம் ஓடிவந்து வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது.

சத்தமே இல்லை.

இரண்டு மாதமாகிறது. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்கிறார் மருத்துவர். “நல்லா இருந்த பொண்ண உன்ன நம்பி அனுப்புனேன், ஊமையாக்கிட்டியேடா, பாவி!” என்று அக்கா தலையில் அடித்துக்கொள்கிறாள். மகள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அவள் வேடத்துக்கு வேறொருத்தியைப் பிடித்துவிட்டார்கள்.

இன்று மதியம் கணினியைத் திறந்தேன். நான் அழித்த பதிவு பழைய இடத்திலேயே இருந்தது. ஆத்திரத்தில் மறுபடி அழிக்கப் போனேன். என்ன தோன்றியதோ, ஹெட்போனை மாட்டி ஒருமுறை ஓடவிட்டேன்.

பாட்டு இல்லை. மூச்சு மட்டும்.

பிறகு, மெல்ல, என் அக்கா மகளின் குரல்:

“அழிச்சிடாதீங்க மாமா. நான் இதுக்குள்ளதான் இருக்கேன்.”

அவளுக்குப் பின்னால், மிக அருகில், செத்தவள் முனகலாகப் பாட ஆரம்பித்தாள்.