வலி தெரிந்த தண்ணீர்

என் தங்கை டைமி அந்த வீட்டை வாங்கியதே அதில் இருந்த குளியல் தொட்டிக்காகத்தான். நான் பார்க்கப் போன அன்று அமெரிக்காவின் வடகோடியிலுள்ள எங்கள் டுலூத் ஊரில் நல்ல வெயில். ஏரி மட்டும் கரையோரம் உறைந்து கிடந்தது. பூட்ஸிலிருந்த பனியைத் தட்டிவிட்டு உள்ளே நுழைந்தால், காபி வாசனைக்குப் பதிலாகத் தார் வாசனை வந்தது.

எங்கள் ஆட்கள் ஃபின்லாந்திலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகியும் சவுனாவை விடவில்லை. அந்த நீராவி அறையின் சூட்டுக் கற்கள்மேல் ஊற்றும் தண்ணீரில் பைன் மரத் தார் இரண்டு சொட்டு விடுவது வழக்கம். அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்த வீட்டில் சவுனா கிடையாது.

"எங்கேர்ந்துடி வருது இது?"

"தொட்டிலேர்ந்துக்கா. மோட்டாரைப் போட்டா வரும்."

டைமிக்கு முடக்குவாதம். விரல்கள் மடங்கிப் போய்ப் பல வருடம் ஆயிற்று. காலையில் கட்டிலைவிட்டு இறங்குவதற்கே அவள் அழுவாள். பக்கவாட்டு ஓட்டைகளிலிருந்து வெந்நீர் பீய்ச்சி உடம்பைப் பிடித்துவிடும் தொட்டி வேண்டும் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து, சாமிக்கு நேர்ந்துகொண்டவள் போல அதையே தேடிக்கொண்டிருந்தாள். கிடைத்தது. வந்த ஒரே வாரத்தில் கைத்தடியில்லாமல் நடந்தாள். நான் எப்படிக் குறை சொல்வேன்?

ஆனால் அழுக்கு அழுக்குதான். மோட்டாரைப் போட்டதும் கருப்புச் செதில்கள் தண்ணீரில் மிதந்து வந்தன. பைப்புக்குள் படிந்த பாசியும் சோப்பும் பெயர்ந்தால் அப்படித்தான் வரும். ஓட்டைகளுக்கு மேலே நிற்கும்வரை வெந்நீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் மெஷினுக்குப் போடும் பவுடரைக் கொட்டி ஓடவிட்டேன். வடித்துவிட்டு, பச்சைத் தண்ணீர் நிரப்பி மறுபடியும் ஓடவிட்டேன். மூன்றாம் முறை செதில் நின்றது.

பிறகு முடி வந்தது.

நீளமான முடி. முழு வெள்ளை. டைமியின் பின்னல் இன்னும் பாதிக்குமேல் பழுப்புதான்.

முடி எங்கே சிக்கியிருக்கும் என்று தொட்டிக்குள் கையைவிட்டுத் தடவினேன். தண்ணீரை மோட்டாருக்கு இழுக்கும் ஓட்டையில் சல்லடை மூடி இருக்க வேண்டும். அதைக் காணோம். முடி நீளமாக உள்ளவர்கள் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் தலை சாய்த்தால் என்ன ஆகும் என்று நினைத்ததும் கையைச் சட்டென்று வெளியே எடுத்தேன்.

பக்கத்து வீட்டு ஆர்வோவைக் கூப்பிட்டேன். சின்ன வயதிலிருந்து தெரிந்த மனிதர். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதைவிடப் பல் பிடுங்குவது சுலபம். தொட்டியின் பக்கவாட்டுச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"மோட்டாருக்குப் போற கதவு மேல டைல் ஒட்டியிருக்கான், முன்னாடி இங்க குடியிருந்த கெட்டுனென். அவன் பொண்டாட்டி செத்த வாரமே ஒட்டினான்."

"யாரு அவன் பொண்டாட்டி?"

"சைமி. கை, கால் வலின்னா இந்தத் தெரு முழுக்க அவகிட்டதான் வரும். தொட்டில படுக்க வெச்சு விரலாலயே வலியை எடுத்துருவா. சவுனாக் கல்லுல விடற மாதிரி இந்தத் தண்ணியிலயும் தாரை விடுவா. பைப் பூரா ஒட்டிக்கும்னு நான் எவ்வளவோ சொன்னேன். கேட்டாத்தானே."

"எப்படிச் செத்தா?"

ஆர்வோ தொட்டியைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த வெள்ளை முடியைப் பார்த்தார்.

"வீடு வாங்கறப்பவே சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டேன்.

"நீங்க யாரும் கேக்கலையே எல்மா."

எங்கள் ஊர்க்காரர்களின் நாகரிகம் இதுதான். வீடு தீப்பற்றி எரிந்தாலும், நாமாகக் கேட்டால்தான் புகை வருகிறது என்பார்கள்.

டைல்களை உடைத்து மோட்டாரைக் கழற்றச் சொன்னேன். டைமி கூடத்திலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆர்வோ மின்சாரத்தை நிறுத்திவிட்டு மோட்டாரை வெளியே எடுத்தார். பைப் முனைகள் இரண்டையும் மூடி போட்டு அடைத்தார். மோட்டாரைத் தன் வண்டியிலேயே தூக்கிக்கொண்டு போனார்.

இரவு அங்கேயே தங்கினேன். மறுநாள் கடைக்குப் போய் ரை தானிய ரொட்டியும் மீனும் வாங்கிக்கொண்டு மத்தியானம் திரும்பினேன். வீடு வெளிச்சமாக இருந்தது. தார் வாசனை தூக்கலாக இருந்தது.

தண்ணீர் கொதிப்பதுபோல் ஒரு சத்தம்.

அடுப்பைப் பார்த்தேன். அணைந்திருந்தது.

பாத்ரூம் கதவு ஒருக்களித்திருந்தது. டைமி தொட்டியில் படுத்திருந்தாள். மோட்டார் இல்லாத தொட்டியில் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. அவள் பின்னல் அவிழ்ந்து, யாரோ பொறுமையாகச் சீவிவிடுவதுபோல, ஒரு பக்கமாக நீண்டு அந்த ஓட்டைக்குள் போயிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. நீர் அவள் உதட்டைத் தொட்டது.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அலமாரியிலிருந்த கத்தரிக்கோலால் முடியை வெட்டினேன். வெட்டிய நொடியில் தண்ணீர் நின்றுவிட்டது.

டைமி யார் உதவியும் இல்லாமல் எழுந்து நின்றாள். முழங்கால்கள் நேராக இருந்தன. அவள் தோள்களில் பத்து விரல்களும் அழுந்திய சிவப்புத் தடம்.

"எதுக்குக்கா வெட்டினே?" என்றாள். "முதுகுக்கு இப்பத்தான் வந்தா."

அன்றைக்கே அவளை என் குடியிருப்புக்குக் கூட்டி வந்துவிட்டேன். அங்கே ஷவர் மட்டும்தான். தோள்வரை மிஞ்சியிருந்த முடியைத் துவட்டிவிட்டு, என் கட்டிலில் படுக்க வைத்தேன். உயிரோடு இருக்கிறாளே, அது போதும் என்றிருந்தது எனக்கு.

போதவில்லை. வலி வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. விரல்கள் மறுபடி மடங்கின. ஸ்பூனைப் பிடிக்க முடியவில்லை. மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியது. தைலம் போட்டுத் தேய்த்தேன், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். ஏரியில் பனிக்கட்டி உடையத் தொடங்கியபோது அவள் கட்டிலைவிட்டு இறங்குவதையே விட்டிருந்தாள். அவள் முனகுவதைக் கேட்டுக்கொண்டு சமையலறையில் நின்று நான் அழுதேன்.

"அக்கா, என்னை அங்கேயே கொண்டுபோய் விட்டுடு."

"அவ உன்னைக் கொன்னுடுவாடி."

"நீ பத்து நிமிஷம் தேய்ச்சா உன் கை ஓஞ்சுடுது. அவளுக்கு ஓயறதில்லை." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இப்ப மட்டும் நான் உயிரோடவா இருக்கேன்?"

நான் மறுபடி தைலப் புட்டியை எடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய் வந்தபிறகு, அவளைக் காரில் ஏற்றினேன். அவள் வீட்டுக்குப் போய், அவளைக் கூடத்து நாற்காலியில் உட்கார்த்திவிட்டு, நானே போய்த் தொட்டியை நிரப்பினேன். சுத்தமான வெந்நீர். குழாயை மூடினேன். ஜன்னல் வழியாக வெயில் தண்ணீரில் விழுந்தது.

டைமி இன்னும் கூடத்தில்தான் இருந்தாள்.

தண்ணீர் மெல்லச் சுழலத் தொடங்கியது.

ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் கூடத்தில் அவள் முனகினாள். போய் அழைத்து வந்தேன். முடியைத் தூக்கி ஊசி குத்திக் கட்டினேன். அதையும் நம்பாமல் கொத்தாகக் கையில் பிடித்துக்கொண்டு, தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"முடியை மட்டும் விட்டுடுங்க," என்று தண்ணீரிடம் சொன்னேன். "நான் பிடிச்சுக்கறேன். நீங்க வலியை மட்டும் பாருங்க."

டைமி கண்ணை மூடினாள். அவள் கைகள் நீருக்குள் கிடந்தன. மடங்கியிருந்த சுண்டுவிரல் முதலில் நிமிர்ந்தது. அடுத்தது மோதிர விரல். ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவது கண்முன்னே தெரிந்தது, ஆளைத்தான் காணோம். அவள் மூச்சு சீரானது. பல வாரத்துக்குப் பிறகு என் தங்கை முனகாமல் இருந்தாள். எனக்கு நன்றி சொல்லத் தோன்றியது. சொல்லியும்விட்டேன்.

பிறகு என் மணிக்கட்டில் ஏதோ பட்டது.

முடியைப் பிடித்திருந்த கை அது. தண்ணீருக்கு வெளியேதான் இருந்தது.

ஈரமான ஒரு கட்டைவிரல் மணிக்கட்டின் அடியில் தடவிப் போய், உள்ளங்கை தொடங்கும் இடத்தில் நின்றது. டைமியைத் தேய்த்துத் தேய்த்து, எனக்கு இரவெல்லாம் குத்துவது அங்கேதான். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அழுத்தியது.

அப்படி ஒரு சுகத்தை நான் அறிந்ததில்லை. வலி இருந்த இடமே தெரியவில்லை. கையை இழுத்துக்கொள்ள வேண்டும், இழுத்துக்கொள் என்று மனம் கத்தியது. கை கேட்கவில்லை.

என் சுண்டுவிரல் முதலில் நிமிர்ந்தது.

அடுத்தது மோதிர விரல்.