நிலவுக்கு வந்த மாப்பிள்ளையும் அணுக்கமானியும்

அணுக்கமானி முப்பத்துநான்கு காட்டியது. அறுபது வேண்டும்.

நன்மாறன் மணிக்கட்டுப் பட்டையைத் தட்டிப் பார்த்தான். பழைய கடிகாரமா என்ன, தட்டினால் ஓட? விருதுநகரிலிருந்து நிலவுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து மூன்று வருடம். நிலவில் பிறந்த தாரகையைக் கட்டிக்கொண்டதால் கிடைத்திருந்தது, அங்கே தங்கி மூச்சுவிட அனுமதிக்கும் தற்காலிகக் காற்றுச்சீட்டுதான். இன்றைய விசாரணையில் தேறினால் குடியுரிமை, தவறினால் மாலைக் கப்பலில் பூமிக்கு.

சீட்டுக்காகச் செய்யும் பொய்க் கல்யாணங்களைப் பிடிக்கத்தான் இந்தக் கருவி. துணைக்காக நெஞ்சு எவ்வளவு படபடக்கிறது, வியர்வையில் என்ன சுரக்கிறது என்று இருவர் கையிலும் பட்டை கட்டி அளப்பார்கள். முதல் வருடம் எண் தொண்ணூறுக்குக் கீழே இறங்கவேயில்லை. அப்புறம் அவள் குறட்டை அவனுக்குப் பழகிவிட்டது, அவன் சமையல் அவளுக்குப் பழகிவிட்டது. நிம்மதியை அளக்க அந்தக் கருவிக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

குடிவரவு அதிகாரி பூங்கோதை நல்ல மனுஷி. "தம்பி, உங்க ரெண்டு பேரையும் பார்த்தா பொய்க் கல்யாணம்னு எனக்குத் தோணல. எண் இப்படி இறங்கிக் கிடந்தா நான் என்ன பண்ண?" என்றார்.

தாரகை அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். முப்பத்துமூன்று.

நன்மாறன் மெதுவாகச் சொன்னான்: "சரி விடு. பருப்புப்பொடி மேல்தட்டுல இருக்கு. ஒரு வருஷத்துக்கு வரும். டப்பாவுல மாசம் எழுதி ஒட்டியிருக்கேன்."

"எப்ப அரைச்ச?"

"போன வாரம். நீ வேலைக்குப் போனப்ப."

தாரகை கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "போன வாரமே கிளம்பிட்டியா நீ? நான் ஒவ்வொரு வக்கீல் வீடா நாயா அலையறேன். நீ பொடி அரைச்சு, டப்பாவுல சீட்டு ஒட்டிட்டு இருந்திருக்க! நீ இல்லாத வீட்டுல உன் பொடியைப் போட்டா எனக்குச் சோறு இறங்குமா?"

"கத்தாத. ஆபீசரம்மா பாக்கறாங்க."

"பாக்கட்டும்! போராடாமயே விட்டுட்டு ஓடற ஆளைக் கட்டியிருக்கேன்னு அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்!"

"நான் ஓடறேனா? பசி வந்தாக்கூட உனக்குத் தெரியாதேடி! நான் போயிட்டா நீ பட்டினி கிடப்பியேன்னுதான்..."

இரண்டு பட்டைகளும் ஒரே நேரத்தில் கூவின. தொண்ணூற்றாறு.

பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டே முத்திரை குத்தினார். இருவரும் பொடியைப் பற்றிச் சண்டை போட்டபடியே வெளியே போனார்கள். அவர் மனம் நிறைந்துபோனது.

பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. வரும் புத்தாண்டு முதல் நிலவில் பிறந்தவர்களுக்கும் இந்தச் சோதனை உண்டு. தேறாத கல்யாணம் செல்லாது. வந்தவர்களை மட்டும் அளப்பது நியாயமில்லை என்று அரசுக்குப் பரிந்துரை எழுதியவரே பூங்கோதைதான்.

அடுத்த அறையில்தான் அவர் கணவர் சிகாமணிக்கும் வேலை. இருவரும் நிலவில் பிறந்தவர்கள். கல்யாணமாகி இருபத்தேழு வருடம், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. பூங்கோதை போய் அவர் கையில் ஒரு பட்டையைக் கட்டி, தன் கையிலும் ஒன்றைக் கட்டிக்கொண்டார்.

பதினொன்று.

"ஏங்க," என்றார் பதறிப்போய், "வாங்க, உடனே சண்டை போடணும்."

சிகாமணி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மனைவியை வாஞ்சையோடு பார்த்தார். "நீ சொன்னா சரிதாம்மா."

எண் பத்துக்கு இறங்கியது.